உடையாத கீ

“மெக்கானிக்கலா சாமி? கைநெறயா கிரீஸப் பூசிக்கிட்டு எந்த ஊட்டுக்கு வாக்கப்படுவ?”

நான் இன்ஜினியரிங் கல்லூரியில் சேரப் போனபோது பெரியப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பையே முழுதாக முடித்தவள் நான்தான். பதில் சொல்லப் போனால் அவருடைய பழைய கதை ஒன்றைக் கிளற வேண்டியிருக்கும். சிரித்துவிட்டுச் சேர்ந்துவிட்டேன்.

நான் நான்காவது படித்தபோது, ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கரும்பு ஆலை இருந்தது. பொங்கலுக்கு வெல்லம் காய்ச்சும் நேரம். வெட்டிய கரும்பு களத்தில் குவிந்து கிடந்தது; காய்ந்தால் சாறு குறையும். அவசரத்தில் அளவுக்கு மேல் திணித்துவிட்டார்கள். மோட்டார் ஓடியது, பல்சக்கரமும் சுற்றியது, கரும்பைப் பிழியும் உருளைகள் மட்டும் நின்றுவிட்டன. சுற்றுகிற சக்கரத்தின் நடுவில் அச்சு சும்மா நின்றது. பேய் பிடித்துக்கொண்டது என்றே நினைத்தேன்.

அப்பா சக்கரத்தைக் கழற்றி, விரல் நீள இரும்புத் துண்டு ஒன்றை இரண்டு துண்டாக எடுத்தார். அச்சில் பாதி, சக்கரத்தில் பாதி என வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்து, இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைப்பது அதுதான். பட்டறையில் கீ என்பார்கள். இவ்வளவு பெரிய ஆலை இந்தத் துண்டையா நம்பியிருந்தது?

“இதுக்குப் போயி சாதா இரும்பப் போடுவாங்களா?” என்றார் லாரி ஓட்டும் பெரியப்பா. லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் பழைய எஃகு வில்பட்டையில் ஒரு துண்டை அறுத்து, தேய்த்து, அடித்து இறக்கினார். “இனி ஆலையே போனாலும் இது போவாதுங்க.”

அப்படியே பலித்தது. அந்த வாரமே கரும்போடு ஒரு கொடுவாளும் உருளைக்குள் போனது. பெரும் சத்தம். பல்சக்கரம் பிளந்து கிடந்தது. கீயில் கீறல்கூட இல்லை.

புதுச் சக்கரம் வார்த்து வருவதற்குள் பொங்கல் போய்விடும். கரும்பைப் பக்கத்து ஆலைக்குக் கேட்ட விலைக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் கடை வெல்லம். அம்மா சக்கரத்தைப் பார்த்து அழுதார். அப்பாவோ கீயைத்தான் முறைத்துக்கொண்டு நின்றார்.

“அது நல்லாத்தான இருக்குதுங்கப்பா?”

“அதனாலதாஞ் சாமி.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடைந்ததன்மேல் யாருக்கும் கோபமில்லை, உடையாததன்மேல் கோபம். பாரம் மீறினால் சக்கரம் உடையுமுன் முந்திக்கொண்டு தான் அறுந்துபோவதும் அந்தத் துண்டின் வேலைதான் என்பது அன்று தெரியாது. எதுவரை தாங்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பது இன்றும் குழப்பம்தான். கணக்கில் ஒரு விடை வருகிறது, களத்தில் இன்னொன்று. சேலத்தில் கரும்பு ஆலைகள் செய்யும் கம்பெனி ஒன்றில், அவற்றை வடிவமைக்கும் பிரிவில், போன திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.