மோகனப்பிரியா மிஸ் சொன்ன விடை

விருத்தாசலத்தில் பி.எட். முடித்தவர்கள் அதிகமா, பீங்கான் கம்பெனிகளில் செய்கிற கரண்டு பீஸ் கட்டைகள் அதிகமா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. பீஸ் கட்டையாவது லாரி ஏறி வெளியூர் போய்விடுகிறது. பி.எட். முடித்த பெண்கள் ஊரிலேயே கிடக்கிறார்கள். ஏதாவது ஒரு தனியார் பள்ளியில் நாள் முழுக்க நின்றுகொண்டு பாடம் நடத்துகிறார்கள். அரசாங்கம் எப்போது தேர்வு அறிவிக்கும் என்று செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள்.

மோகனப்பிரியா அவர்களில் மூத்தவள். நாற்பதைத் தாண்டிவிட்டவள். கருவேப்பிலங்குறிச்சி போகும் சாலையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் மிஸ். கணவன் தமிழ்மணிக்குத் தொழிற்பேட்டையில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிற வேலை. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தால் புருவம்கூட வெளுத்திருக்கும். கொஞ்ச நாளாகவே இருமல் விடவில்லை. "நீ கவுருமெண்டுல உள்ள போயிடு. மறுநாளே இந்தத் தூசிய வுட்டு வெளிய வந்துடறேன்" என்பான். விளையாட்டாகச் சொல்லத் தொடங்கியவன் இப்போதெல்லாம் சிரிக்காமல் சொல்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜங்ஷன் பக்கம் உமைரா வீட்டு மாடி ஹாலில் வகுப்பு. ஆசிரியர் தேர்வு எழுதுகிற பெண்கள் பாய் விரித்து உட்காருவார்கள். உமைராவும் அவர்களில் ஒருத்தி. அவளுடைய அத்தா ஜாபர் அலி சவூதியில் இருக்கிறார். அம்மா ஜைத்தூன் பீவி எல்லாருக்கும் டீ போட்டு அனுப்புவார். நவுன், வெர்ப் என்று அடியிலிருந்து ஆரம்பித்து, பயமுறுத்துகிற இலக்கியச் சொற்கள் வரைக்கும் மோகனப்பிரியா கொண்டுபோவாள். கைடுப் புத்தகத்தில் இருக்கிற வெள்ளைக்காரர் நாட்டுப் பனியும் ரோஜாவும் அவள் வகுப்பில் வராது.

"சூளைக்கு இன்னும் நாலு கை வேணும்னு மேஸ்திரி கேக்குறாரு. கை மட்டுமா நடந்து வரும்? ஆளு வரணும். ஒடம்புல ஒரு பாகத்தச் சொல்லி ஆளையே குறிக்கிறோம். இது சினெக்டகி. காக்கி வருது, ஓடுங்கடான்னு பசங்க கத்துறாங்க. காக்கி போலீசு மாட்டியிருக்குற துணி, அவரு ஒடம்புல ஒரு பாகமா? இல்ல. அவரோட சேந்து இருக்குற பொருளு. இது மெட்டானமி. ராஜாவக் கிரீடம்னு சொன்னா என்னா?"

"மெட்டானமி மிஸ்!"

"கழட்டி வைக்கிறதெல்லாம் மெட்டானமி. போதுமா?" என்பாள். ஹாலே சிரிக்கும். இப்படிச் சொல்லிக்கொடுத்தால் யாருக்குத்தான் மறக்கும்? அவளிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தேறி, பூங்கொத்தும் போட்டோவுமாக வேலைக்குப் போனார்கள். அவள் மட்டும் தேறவில்லை. ஊரில் வாய்க்கு வந்தபடி காரணம் சொன்னார்கள். உண்மையில் போன தேர்வில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் போனாள். அவள் சரியாக எழுதிய ஒரு கேள்விக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் விடைப்பட்டியல் வேறு விடை சொன்னது. அவள் ஆதாரம் வைத்து மனுப் போட்டும் எடுபடவில்லை.

அதில்தான் அவள் புத்தி கெட்டது. புதிதாகத் தேர்வு எழுதுகிறவள் சரியான விடை எது என்று யோசிப்பாள். எழுதி எழுதித் தேய்ந்தவளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. விடைப்பட்டியல் போடுகிறவர் எந்தக் கைடைப் புரட்டுவார் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். இந்த முறை தேர்வில் அதே கிரீடம் வந்தது. கடைகளில் அதிகமாக விற்கிற கைடில் கிரீடத்தைச் சினெக்டகி என்று தப்பாகப் போட்டிருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் அதைச் சொல்லிக் கேலிகூட செய்திருக்கிறாள். கடலூர் தேர்வு மையத்தில் உட்கார்ந்து அவள் அந்தக் கைடைத்தான் நம்பினாள். தன்னை நம்பவில்லை. சினெக்டகிக்கு நேரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

தற்காலிக விடைப்பட்டியல் வந்தபோது அவள் கணக்குத் தப்பவில்லை. வாரியம் சினெக்டகி என்றே போட்டிருந்தது. எல்லாம் கூட்டிப் பார்த்தால், வேலை கிடைக்கும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த மதிப்பெண்ணில் சரியாக வந்து நின்றாள். ஒன்று குறைந்தாலும் வெளியே. தமிழ்மணி அன்றைக்குக் கறி எடுத்து வந்தான். கம்பெனியில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். இருங்க, இறுதிப் பட்டியல் வரட்டும் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் உமைரா வந்தாள்.

"மிஸ், கிரீடத்துக்குத் தப்பா போட்டிருக்காங்க, பாத்தீங்களா? நீங்க காக்கி வருதுன்னு சொன்னது அப்பிடியே காதுல இருந்துச்சி. யோசிக்காமப் போட்டேன். ஒரு மார்க்கு போயிடுச்சி மிஸ். ஆதாரத்தோட மனுப் போடலாமாம். எந்தப் புக்குல இருக்குதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். எழுதிக் குடுங்க மிஸ்."

அந்தப் புத்தகம் கை நீட்டினால் எட்டுகிற அலமாரியில் இருந்தது. மோகனப்பிரியா கையை நீட்டவில்லை. உள்ளே தமிழ்மணி இருமிக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா. அவங்க போட்டதுதான் சரி. நான்தான் ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"நீங்களா மிஸ்?" உமைராவால் நம்ப முடியவில்லை. ஆனால் மிஸ் சொல்லிவிட்டாரே. பிறகு அவளே மிஸ்ஸுக்குச் சமாதானம் சொன்னாள். "சரி வுடுங்க மிஸ். ஒரு கேள்விதான. அதுக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வச்சிக்கிட்டு." கையோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும், மிஸ்ஸிடம் கேட்டாயிற்று, விடை சரிதானாம், யாரும் மனுப் போட வேண்டாம் என்று போட்டுவிட்டாள். எல்லாரும் சரி சரி என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் மனசுக்குள் ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்துகொள்கிறான். உமைராவுக்கு வயது இருக்கிறது, அத்தா சம்பாதிக்கிறார், அடுத்த தேர்வில் தேறிவிடுவாள் என்று வாதாடினான். மோகனப்பிரியாவுக்கு எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. சோறுதான் இறங்கவில்லை. அவளுக்கென்று இந்த ஊரில் இருந்தது ஒன்றே ஒன்று, மிஸ் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பெயர். அதைத் தன் கையாலேயே போட்டு உடைத்தாள். அடுத்த ஞாயிறு அந்தப் பாடத்தை எடுக்காமல் தாண்டிப் போனாள். உமைரா அதைக் கவனித்தாள்.

தமிழ்நாடு விருத்தாசலத்தோடு முடிந்துவிடுகிறதா என்ன? மற்ற ஊர்களில் இருந்த யார் யாரோ ஆதாரத்தோடு மனுப் போட்டிருந்தார்கள். திருத்திய விடைப்பட்டியலில் கிரீடம் மெட்டானமி ஆனது. மோகனப்பிரியாவுக்கு ஒன்று குறைந்தது, உமைராவுக்கு ஒன்று கூடியது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்தவர்களில் உமைரா இருந்தாள். மோகனப்பிரியா இல்லை.

"இந்த வாட்டியும் ஒரு மார்க்கா?" என்று மட்டும் தமிழ்மணி கேட்டான். எந்தக் கேள்வி என்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

உமைரா அன்று சாயங்காலமே ஸ்வீட் டப்பாவோடு வந்தாள்.

"மிஸ், நீங்க மொதல்ல சொல்லிக் குடுத்ததுதான் சரி! எங்கம்மா அப்பவே சொன்னாங்க, ஒங்க மிஸ் தப்பாச் சொல்ல மாட்டாங்கன்னு. நம்ம ஜில்லா மங்களூர் பக்கம் கெடச்சாலும் பரவால்ல மிஸ், பஸ்ஸுல போயிட்டு வந்துடுவேன்." மூச்சு விடாமல் பேசினாள். பிறகு ஆசையாகக் கேட்டாள். "ஒங்களுக்கும் ஒரு மார்க்கு ஏறியிருக்கும்ல மிஸ்? எப்ப மிஸ் வரச் சொல்லியிருக்காங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இன்னொரு பொய்தானே. ஆனால் மோகனப்பிரியாவுக்கு அதற்கும் தெம்பில்லை.

"எனக்கு எறங்கிடுச்சி உமைரா."

"எப்பிடி மிஸ் எறங்கும்? நீங்க மெட்டானமிதான..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு மனு எழுதித் தரச் சொல்லிக் கேட்டதும், மிஸ் சொன்ன பதிலும் அவளுக்குள் ஒன்றோடு ஒன்று சேர்வதை மோகனப்பிரியா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாலும் தேவலை.

உமைரா ஸ்வீட் டப்பாவை மெதுவாக மேஜையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"உள்ளதச் சொல்லி, எனக்காகப் போடாதன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தாக்கூட நான் மனுப் போட்டிருக்க மாட்டேனே மிஸ்" என்றாள்.