டயர் உரசிய லொறியில் வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு

வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு நாற்பது மைல் இருக்கும். அந்த வழியில் லொறியில் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. தோணியில் ஏறினால் கரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். ஆகையால் இயற்கை வர்ணனை எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அன்றைக்கு வாவி என்ன நிறத்தில் இருந்தது என்று யாராவது கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

போனது மாசி மாதம், அறுவடை முடிந்த கையோடு. இரண்டாம் உலகச் சண்டைக் காலம். என் தங்கை தங்கம்மாவுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த நான் மனைவி வீட்டோடு மட்டக்களப்பு டவுனுக்கு வந்துவிட்டேன், தங்கச்சி வாகரையில் தாய்வீட்டிலேயே இருந்தாள். அவள் புருஷன் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. காலும் முகமும் வீங்கிவிட்டன, தலையிடி தாங்க முடியவில்லை, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, இனித் தன்னால் ஆகாது என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னதும் லொறி தேடி ஓடினேன்.

ஏறாவூர் ஹனீபா காக்காவின் சின்ன லொறி ஒன்றுதான் கிடைத்தது. முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் முறையில் காக்கா என்போம். போகவரக் கூலி பதினைந்து ரூபாய். சுருக்கமாகப் பேசுகிற ஆள், நல்ல மனுஷன், ஆனால் தன் லொறியைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. டயருக்குத் தட்டுப்பாடான காலமல்லவா? எங்கேயோ பட்டாளத்து லொறியில் கழற்றிய பெரிய டயர்கள் இரண்டைப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். டயருக்கும் மேலே இருந்த பலகைப் பெட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தால் அதிகம்.

"காக்கா, இது உரசாதா?" என்று ஏறும்போதே கேட்டேன்.

"ஒண்டுக்கும் யோசியாதீங்க தம்பி. ரெண்டு நாளா ஓட்டுறன், ஒரு சத்தம் இல்ல" என்றார்.

அது மெய்தான். விடிய வெளிக்கிட்டு, ஓட்டமாவடிப் பாலம் தாண்டி, வாழைச்சேனை தாண்டி, வாகரை போய்ச் சேரும்வரை ஒரு சத்தமும் இல்லை. லொறி பாரமில்லாமல் போனது என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

நான் உள்ளே போய்த் தங்கச்சியைப் பார்த்தேன். முகம் அடையாளம் தெரியவில்லை. அவளை மெதுவாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் சொந்தக்காரர்கள் தங்கள் வேலையை முடித்திருந்தார்கள். பிள்ளைத்தாச்சியை வெறுங்கையோடு அனுப்பலாமா? புது நெல் ஆறு மூட்டை, ஒரு பெட்டி கருவாடு, ஒரு சாக்குத் தேங்காய், தேன் போத்தல்கள். எல்லாம் அன்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்றிய விதம் இருக்கிறதே! வண்டிலில் பாரம் அச்சுக்கு நேரே நிற்க வேண்டும். முன்னால் போனால் மாட்டின் கழுத்து நெரியும், பின்னால் போனால் நுகம் மேலே தூக்கும். காலமெல்லாம் வண்டில் ஏற்றிய கைகள், லொறியிலும் பின் அச்சைத் தேடிப் பிடித்து, பிசகாமல் அதற்கு மேலேயே அத்தனையையும் அடுக்கிவிட்டன. முன்பக்கம் வைக்கோல் பரப்பி, பாய் போட்டு, தங்கச்சிக்குப் படுக்கை. பக்கத்தில் பெரியம்மா, அதாவது எங்கள் அம்மாவின் அக்கா.

பனிச்சங்கேணித் துறையில் லொறியை ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு எங்கள் ஊரில் 'பாதை' என்று பெயர். அதில் ஏறும்போது பின்பக்கம் ஒரு முனகல் கேட்டது. பலகைச் சத்தமாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அக்கரை ஏறிக் காட்டுக்குள் இரண்டு மைல் போயிருப்போம், ஒவ்வொரு பள்ளத்திலும் 'கர்ர்ர்' என்று வந்தது. அதன் பிறகு ரப்பர் கருகும் நாற்றம். கபினுக்கு வெளியே தலையை நீட்டினேன். இடப்பக்கச் சில்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்க காக்கா! நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

இறங்கிப் பார்த்தோம். சக்கரத்தை மூடிய மட்காட் தகரம் நசுங்கி டயரைச் சீவியிருந்தது. ஓரத்து ரப்பர் போய் உள்ளே நூல் தெரிந்தது. மாற்று டயர் கிடையாது. அன்றைக்கு அந்த வழியில் வேறு வாகனம் வரும் என்ற நம்பிக்கையும் கிடையாது. இருபது முழத்துக்கு அப்பால் ரோட்டு நடுவில் யானை லத்தி. ஈரம்கூடக் காயவில்லை. டயர் வெடித்தால் தங்கச்சி இந்த இடத்திலேயே முடிந்துவிடுவாள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"யா அல்லாஹ்" என்று காக்கா டயரைத் தடவினார். "அச்சுக்கு மேல ஒரு மரக்கட்டைய வெச்சுக் கட்டினா பெட்டி கீழ இறங்காது தம்பி. உரசாது."

"அப்ப குலுக்கலத் தாங்குற வில்லுப்பட்டை வேலை செய்யுமா?"

"செய்யாது. நல்லாக் குலுக்கும்."

தங்கச்சியின் வயிற்றைப் பார்த்தேன். "வேணாம் காக்கா" என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூட்டைகளைப் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

"ஆர் இத இப்பிடி ஏத்தின? இது என்ன மாட்டுவண்டிலா?" என்று காக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் முதல் மூட்டையில் கை வைத்ததும் பெரியம்மா எழுந்து நின்றுவிட்டாள். "பிள்ளத்தாச்சிக்கெண்டு ஏத்தின நெல்ல நடுக்காட்டில இறக்குறதா? என்ன மனே கதைக்காய்? அந்தப் புள்ளைக்கு ஏதும் ஆகிப்போனா ஆரு பதில் சொல்லுற?"

சகுனம் என்றால் எனக்குப் பெரியம்மாவை விடப் பயம். கையை எடுத்துவிட்டேன். அப்போது பாயிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"பெரியம்மா, நெல்லு கிடக்கட்டும். எனக்குக் கண்ணு வடிவாத் தெரியுதில்ல. கெதியாப் போவம்."

பெரியம்மா ஒதுங்கி வழிவிட்டாள். நாலு மூட்டையையும் தேங்காய்ச் சாக்கையும் ஒரு மரத்தடியில் தள்ளினோம். மிச்சத்தைக் கபினை ஒட்டி, அவள் கால்மாட்டில் அடுக்கினோம். பெட்டி கண்ணெதிரே உயர்ந்தது. வழியில் விழுந்து கிடக்கும் மரங்களை வெட்டக் காக்கா ஒரு கோடாலி வைத்திருந்தார். அதைக் கொண்டு மட்காட் இரண்டையும் கொத்திக் கழற்றி எறிந்தார். டயருக்கு மேலே தொங்கிய பலகை விளிம்பையும் செதுக்கினார். ஒவ்வொரு கொத்துக்கும் காட்டுக்குள்ளிருந்து ஏதோ பதில் சொல்வது போல எனக்குக் கேட்டது. பெரியம்மா தங்கச்சியின் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

ஆனால் நூல் தெரிந்த டயர் நூல் தெரிந்த டயர்தானே. பெரிய பள்ளத்தில் இன்னும் ஒரு தடவை தொட்டாலும் போச்சு. ஆகவே நான் இடப்பக்க மிதிபலகையில் ஏறி நின்று, பெட்டியின் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குனிந்து அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளம் வந்தால் "மெள்ள!" என்பேன், காக்கா பிரேக்கை மிதிப்பார். மாங்கேணி, காயான்கேணி, வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பாலம், ஏறாவூர்ச் சந்தை... எல்லாம் என் காலுக்குக் கீழே சாலையாகத்தான் ஓடின. என்னைப் பொறுத்தவரை உலகத்தில் அந்த ஒரு டயர் மட்டும்தான் இருந்தது. இமைத்தால் வெடித்துவிடும் என்று இமைக்கவும் பயமாக இருந்தது. பின்னேரம் நாலரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது என் விரல்களைப் பலகையிலிருந்து காக்கா ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

தங்கச்சியை உடனே உள்ளே கொண்டு போனார்கள். அன்றிரவு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் தாங்கினாள். மூன்றாம் நாள் பெண்குழந்தை, பூனைக்குட்டி அளவுதான். தெய்வம் காத்தது, இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அளவு மீறிய டயர் போட்ட லொறியை வெறுமனே ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். பாரம் ஏற்றி, ஒரு பள்ளத்தில் இறக்கிப் பாருங்கள். பாரத்தை முன்னால் தள்ளி ஏற்றுங்கள், வண்டில் ஏற்றுகிறவர்களிடம் விடாதீர்கள். கோடாலி இல்லாமல் அந்தக் காட்டுக்குள் போகவே வேண்டாம். வழியில் நெல்லை இறக்கினால் திரும்பிப் போய் எடுக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நாங்கள் போனபோது கிழிந்த சாக்கும் யானைத் தடமும்தான் இருந்தன.

இன்னொன்றும் உண்டு. தங்கச்சி வீடு திரும்பும்போது, எப்படி உன்னைக் கொண்டு வந்து சேர்த்தேன் பார்த்தாயா என்று நான் கொஞ்சம் பெருமையடித்தேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"டயர் கதையெல்லாம் எனக்கு ஆரும் சொல்லல்ல அண்ணா. நீ பலகைக்கு அங்கால தலையக் குனிஞ்சபடியே நிண்டாய். எத்தின தரம் கூப்பிட்டன், ஒருக்காவும் என்ட பக்கம் கிறுகிப் பாக்கல்ல. நான் சாகப்போறன், அதுதான் அண்ணனுக்கு என்ட முகத்தப் பாக்க ஏலாம இரிக்கி எண்டு நினைச்சன். அழுதா நீ பயந்துபோவாய் எண்டு மறுகா வாயப் பொத்திக்கிட்டு வந்தன்."

ஆகையால் லொறியில் நோயாளியைக் கொண்டு போகிறவர்கள் டயரைப் பார்த்துக்கொள்ள வேறு ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். சொந்தக்காரரான நீங்கள் பெட்டிக்குள்ளேயே, நோயாளியின் கண்ணுக்கு நேரே உட்காருங்கள்.