செல்லப்பாண்டி கொத்தனாரின் காரை

பந்தல்குடியில் செல்லப்பாண்டி கொத்தனார் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். பல்லுப்பாண்டி என்றால் கைக்குழந்தைகூட விரல் நீட்டும். பொங்கலுக்கு மறுநாள் நடக்கிற போட்டியில், பல்லால் தேங்காய் உரிப்பதில் எட்டு வருஷமாக அவர்தான் முதல். பரிசு ஓர் ஈயச்சட்டி. வீட்டில் எட்டுச் சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. அவர் மனைவி கருத்தம்மாள் ஒன்றிலும் சமைத்ததில்லை.

"பல்லுல வந்த சட்டியில எவன் திம்பான்?" என்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில், வறுத்த கடலையைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் லேசாக ஆடியது. துப்பினால் சிவப்பு. வெற்றிலைச் சிவப்பு என்று இரண்டு நாள் தன்னையே ஏமாற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் வெற்றிலை போடாமலே துப்பினார். அப்போதும் சிவப்பு. தைக்கு இன்னும் மூன்றரை மாதந்தான் இருந்தது.

கருத்தம்மாளோ கொஞ்ச நாளாகவே, அவர் வாயைத் திறந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். "டவுனுல பல்லு டாக்டரு இருக்காராம்ல. போயிட்டு வாங்க. இல்லாட்டி வார பொங்கலுக்குச் சட்டியும் கெடையாது, பல்லும் கெடையாது."

அருப்புக்கோட்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "பல்லு நல்ல பல்லுதான். காரை கண்டமானிக்கு ஏறிக் கெடக்கு. ஈறு வீங்குனதும் அதனாலதான். பூராவும் எடுத்துரணும்" என்று நர்ஸ் சரஸ்வதியிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் செல்லப்பாண்டி தலையாட்டியிருப்பார். காரை அவருடைய பிழைப்பு. சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்து, இருபத்திரண்டு வருஷமாகச் சுவர்களில் பூசிவருகிறவர். காரை பெயர்ந்தால் கல் ஆடும், ஆடின கல் விழும். அதிலும் இது அவர் வாயே வெற்றிலையும் சுண்ணாம்புமாகக் குழைத்து வருஷக்கணக்கில் பூசிய பூச்சு. அதைப் போய்க் கொத்துவதாவது!

"தாயி, கல்லு ஆடுதுன்னு வந்தா காரையக் கொத்துறேங்கிறீகளே. அப்புறம் எதைப் பிடிச்சு நிக்கும்?"

"வாயில கல்லு ஏது? தெறங்க."

"காரை இருக்குன்னு அவுகதான சொன்னாக? காரை இருந்தா கல்லு இருக்கணும்ல?"

சரஸ்வதி திருச்சுழிக்காரி. பேச்சில் அவளை மடக்க முடியாது. "ஏன் கொத்தனாரே, உப்புப் பூத்த சுவத்துமேலயே புதுசாப் பூசுவீகளா?"

"எந்தக் கிறுக்கன் பூசுவான்? பழசை நல்லாக் கொத்தி எறிஞ்சுட்டு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தான் என்ன சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயை மூடப் போனார். அதற்குள் சுரண்டும் கம்பி உள்ளே போய்விட்டது.

போனது போகட்டும் என்று கண்ணாடியை வாங்கிப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி வேலை பார்க்க ஆரம்பித்தார். "அ... ஆ... ஓ..." என்றார். ஓரம் விட்டுப்போச்சு என்று அர்த்தம். பீங்கான் கிண்ணத்தில் துண்டுகள் டக் டக்கென்று விழும்போதெல்லாம், தன் பூச்சின் உறுதியை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டார்.

வீட்டுக்கு வந்து பானைத் தண்ணீரைக் குடித்தார். உச்சந்தலை வரை ஜிவ்வென்றது. நாக்கால் தடவினால் பல்லுக்குப் பல் சந்து. "சட்டி" என்று சொல்லிப் பார்த்தார். காற்றுத்தான் வந்தது. பதறிப்போய் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பை விரலில் எடுத்து, எல்லாச் சந்தையும் தன் கையாலேயே அடைத்தார். கொத்தனார் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் வெந்துபோயிற்று.

மறுநாள் முதல் பஸ்ஸில், வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு போய் இறங்கினார். "எங் காரையத் திருப்பிக் குடுங்க தாயி!"

"அது நேத்தே சாக்கடையில போயிருச்சு. என்ன இது, வாயெல்லாம் வெந்து கெடக்கு? சுண்ணாம்பா வச்சீக?"

"ரெண்டு பூச்சுத்தான் பூசுனேன்."

சிரிப்பை அடக்கி, புண்ணுக்கு மருந்து தடவியபடி சரஸ்வதி சொன்னாள். "சந்து முன்னமே இருந்ததுதான். காரை அதை மறைச்சு வச்சிருந்துச்சு. ஈறு வத்தி இறுகுனாப் பல்லும் நிக்கும். வெத்தலையை விடுங்க, ரெண்டு வேளையும் பல்லு வெளக்குங்க. ஆறு மாசத்துக்கொருக்கா இங்க வரணும்."

"ஆறு மாசத்துக்கொருக்காவா?" விரல் விட்டு எண்ணினார். "அப்ப தைக்கொன்னு, ஆடிக்கொன்னு. தேங்கா உரிக்கலாமுல்ல?"

"பல்லு என்ன கடப்பாரையா?"

அந்தப் பதிலை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை.

தை பிறந்தது. தினமும் விரலால் அசைத்துப் பார்த்ததில் பல் அசையவில்லை. கருத்தம்மாள்கூட முந்தானையை இறக்கியிருந்தாள். போட்டியில் எதிரே நின்றவன் தூத்துக்குடி லாரி ஓட்டுகிற நல்லகண்ணு.

"ஏலே பாண்டி, பல்லுக்கு வெள்ளையடிச்சிருக்கயாம்ல. பொண்ணு பாக்கப் போறயா?"

கூட்டம் சிரித்தது. விசில் ஊதியதும் நல்லகண்ணு வெறியோடு கடித்து இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். தேங்காய் மட்டையில் அவன் முன்பல், காரை பெயர்ந்த செங்கல் மாதிரி, தனியாக நின்றது.

செல்லப்பாண்டி அந்தப் பல்லையே பார்த்தார். தன் வாயிலிருந்த தேங்காயை மெதுவாக எடுத்தார். அதைத் துண்டால் துடைத்துக் கீழே வைத்தார்.

"யாருலே செயிச்சது?" என்று கேட்டார் ஒருவர்.

"தேங்காதான்!" என்றது கூட்டம். ஒன்பதாவது சட்டி தேங்காய் கொடுத்த கடைக்காரருக்குப் போயிற்று.

மறுநாள் அருப்புக்கோட்டை பஸ்ஸில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வாயில் துண்டு.

"வலிக்குமா பாண்டி?"

"வலிக்காதுலே. அந்தம்மா கேள்வி கேட்டா மட்டும் பதில் சொல்லிராத. வாயத் தெறந்தா கம்பிய உள்ள விட்ரும்."

அதன்பின் பத்து வருஷம், தை ஒன்று ஆடி ஒன்று என்று தவறாமல் போனார். பஸ்ஸில் கூட வருகிறவர்களுக்கெல்லாம் இதே புத்திமதிதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும், "என்ன கொத்தனாரே, இப்ப எங்க வேலை?" என்று சரஸ்வதி கேட்பாள்.

"பாலவனத்தத்துல தாயி, ஒரு..."

அவ்வளவுதான்.