நிக்கல் இல்லாத கம்பி

மகளுக்குப் பல்லில் கம்பி போட்ட மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். பல் டாக்டர் பார்த்துவிட்டு, "நிக்கல் ஒத்துக்கல" என்றார். என்மேலேயே எனக்கு வந்ததே ஒரு கோபம்! நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி அது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அந்தக் குணத்தை நிக்கல் இல்லாமல் கொண்டுவருவதுதான் அடையாற்று ஆய்வகத்தில் என் வேலையே. நிக்கல் சிலருக்கு ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், சொந்தப் பெண்ணின் வாயில் எதைப் போடுகிறார்கள் என்று கேட்கவில்லை.

டாக்டர் வேறு கம்பி மாட்டினார். அதை ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் அவளுக்கு வலி. "உன் கம்பிய எடுக்கறதுக்குள்ள நான் ஒண்ணு செஞ்சு காட்டறேன், பாரு" என்று சொல்லிவிட்டேன். ஆய்வகத்துக் கம்பியை யார் வாயிலும் வைக்க விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் சொன்னேன். நானும் அவள் அப்பாவும் பிரிந்தபோது, பள்ளிக்கூடம் பக்கம் என்று அவள் கோபாலபுரத்தில் அவரோடே இருந்துவிட்டாள். ஞாயிறு காலை ஆழ்வார்பேட்டை ஓட்டலில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் எனக்கு. வெறுங்கையோடு போய் உட்காரக் கூச்சமாக இருந்தது.

டைட்டானியம், நியோபியம், கொஞ்சம் வெள்ளீயம். உலையில் உருக்கி, ஆறியதும் திருப்பிப் போட்டு மறுபடி உருக்கி, இப்படி ஆறு தடவை. உலையைப் பார்த்துக்கொள்பவர் ஊரூர் குப்பத்துக்காரர். "இன்னா மேடம், தோசையாட்டம் திருப்பிக்கினே கீறோம், எப்பத்தான் வேகும்?" என்பார். பிறகு ஒரு துண்டை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்ப்போம். ஊசி ஊசியாகத் தெரிந்தால்தான் அந்தக் கலவை பழைய வடிவத்துக்குத் திரும்பும், கம்பியாக இழுக்கலாம். ஒன்றும் தெரியவில்லை. அளவை மாற்றினேன். அப்போதும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் இதே கதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதையெல்லாம் மகளிடம் கொட்டுவேன். புண் வந்த நாளிலிருந்து அவளுக்கு வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் பழக்கம். மறைத்தபடியே "ம்" என்பாள்.

கடைசியில் பார்த்தால், தப்பு கலவையில் இல்லை. துண்டு சின்னது, மெருகேற்றக் கையில் நிற்காது என்று அதைப் பிளாஸ்டிக் கட்டியில் பதிப்போம். பதிக்கும் இயந்திரம் நல்ல சூட்டில் அழுத்தும். அந்தச் சூடே ஊசிகளை அழிக்கப் போதும். ஒவ்வொரு முறையும் நாங்களே அழித்துவிட்டு, பிறகு காணோமே என்று தேடியிருக்கிறோம்! இயந்திரம் பழுதான ஒரு நாள், குப்பத்துக்காரர் சூடில்லாமல் இறுகும் பசையில் பதித்து வைத்தார். "மேடம், இன்னாமோ ஊசியா கீது, வந்து பாருங்க" என்று கத்தினார். போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். பழைய பெட்டியைத் துழாவி, முதல் கலவையில் சூடு படாமல் மிச்சமிருந்த துண்டை எடுத்து அதே பசையில் பதித்துப் பார்த்தால், அதிலேயே ஊசிகள் இருந்தன.

அன்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், சொல்ல ஒரு ஆள் இல்லை. குக்கரிடம் சொன்னேன். அதுவாவது மூன்று விசில் அடித்தது.

கம்பியாக இழுத்து முடிக்க இன்னும் சில வாரம் ஆனது. ஞாயிறன்று ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கி, கம்பியைச் சுருட்டி அவள் எதிரே உள்ளே விட்டேன். மெல்ல நிமிர்ந்தது.

"சூப்பர்மா" என்றாள்.

"சொன்ன மாதிரி செஞ்சுட்டேன் பாத்தியா? உன் கம்பிய எப்ப எடுக்கறாங்க?"

அவள் கையை இறக்கினாள். பற்கள் வரிசையாக, வெறுமையாக, அத்தனை அழகாக இருந்தன.

"எடுத்து எட்டு மாசம் ஆச்சும்மா."

எட்டு மாதமும் வாராவாரம் அவளுக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். "ஏன்டி சொல்லல?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்குக் கோபமில்லை. டம்ளரிலிருந்து கம்பியை எடுத்துத் துடைத்து என் பக்கம் வைத்தாள்.

"நீயா பாத்து கேப்பேன்னு இருந்தேன்மா. கொஞ்ச நாள் பாத்துட்டு விட்டுட்டேன்."