அப்பாவுக்கு உடைத்த ஐஸ்

மன்னார்த் தீவில் ஐஸ் தொழிற்சாலை ஒன்று, ஆழ்கடலுக்குப் போகிற படகு நாலு, மேல்மாடி வைத்த கல்வீடு ஒன்று. இவ்வளவையும் கட்டினவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான். சண்டையில் இரண்டு தரம் எல்லாவற்றையும் இழந்து, இரண்டு தரமும் வெறுங்கையோடு தொடங்கினேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன கிழமை பேத்தி விஞ்ஞானப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். வெக்கை கூடினால் இரசாயனத் தாக்கம் கெதியாக நடக்கும், குளிர்ந்தால் சுணங்கும், பொருளைச் சிறிதாக உடைத்தால் மேற்பரப்பு கூடி வேகமும் கூடும் என்று. இதெல்லாம் பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். மீன்வாடியில் ஐஸ் உடைத்துத் தெரிந்துகொண்டது.

அந்த வயதில்தான் அப்பா செத்தார். சித்திரை வெயிலில், காலையில் வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையில் விழுந்தவர் எழும்பவில்லை. அக்கா கொழும்பில் தையல் படித்துக்கொண்டிருந்தா. தந்தி அடித்தாயிற்று; வந்தால் மறுநாள் காலை ரயிலில்தான் வரலாம்.

"என்ர பிள்ளை வந்து தகப்பன்ர முகத்தைப் பாக்காமல் பெட்டி மூட விடமாட்டன்" என்று அம்மா சொல்லிவிட்டா.

மாமா டவுனுக்குப் போய் லொறியில் ஆறு கட்டி ஐஸ் கொண்டுவந்தார். இரண்டை முழுசாகத் தொட்டியில் வைத்து, அப்பா கிடந்த கட்டிலுக்குக் கீழே தள்ளினார்கள். மற்றதை உமிக்குள் புதைத்தார்கள். பின்னேரமாக அப்பாவின் வயிறு உப்பத் தொடங்கியது. பெரியவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். "இண்டைக்கே அடக்குவம்" என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

"மாமா, கட்டியை உடையுங்கோ. உடைச்சு உடம்போட ஒட்ட வைச்சால்தான் குளிர் ஏறும்."

"விசரா! அது மீனுக்கடா. இது உன்ர அப்பன்."

அங்கே நின்ற அத்தனை பேரும் தினமும் மீனுக்கு ஐஸ் உடைக்கிறவர்கள். மனிசனுக்கு உடைக்க மட்டும் அவர்களுக்குக் கை வரவில்லை. மரியாதை என்று நினைத்தார்கள். அந்த மரியாதையில் அப்பா பழுதாகிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு கட்டியைச் சாக்கில் போட்டு மரச்சுத்தியலால் அடிக்கத் தொடங்கினேன். "மூண்டாம் வகுப்பு டொக்டர் வந்திட்டார்" என்று சித்தப்பா நக்கலடித்தார். மாமா சுத்தியலைப் பறிக்க வந்தார்.

"விடு தம்பி, அவன் செய்யட்டும்" என்றா அம்மா. மாமா கையை எடுத்துக்கொண்டார்.

உடைத்ததைத் துணிப்பைகளில் கட்டி, அக்குளில், விலாவில், வயிற்றின் மேலே, கழுத்தைச் சுற்றி நெருக்கி வைத்தேன். உடைத்த ஐஸ் கெதியாகக் குளிராக்கும். கெதியாக உருகியும் போகும். அதனால் மிச்சக் கட்டிகளை உமிக்குள்ளேயே விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தேன். இடைக்கிடை அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தேன். விடியும்வரை வயிறு மேலே உப்பவில்லை. முகம் முகமாகவே இருந்தது.

அக்கா வந்து அப்பாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்தா. உடனே துடித்து நிமிர்ந்தா.

"ஐயோ, ஏன் அப்பா இப்பிடிக் குளிருறார்?"

"நான்தான் அக்கா செய்தனான்" என்று முன்னுக்குப் போய் நின்றேன். மெச்சுவா என்று பார்த்தேன். மாமா என்னை இழுத்து வெளியே விட்டார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இரவெல்லாம் அப்பாவின் கை சில்லிடச் சில்லிட நான் சந்தோசப்பட்டிருக்கிறேன். அது இனிச் சூடாகப்போகாத கை என்பது அப்போது எனக்குள் இறங்கவில்லை. அழுகை எனக்கு எத்தனையோ மாதம் கழித்துத்தான் வந்தது.

இன்றைக்கும் அப்பாவின் ஆண்டுப் பூசைக்குக் கூடினால், "மகள் வருமட்டும் உடம்பைப் பழுதாகாமல் மாமன்தானே வைச்சிருந்தவர்" என்கிறார்கள். ஐஸ் கொண்டுவந்தது மாமா, நான் மறுக்கவில்லை. ஆனால் அதை உடைத்தது நான். அக்கா தகப்பனின் முகத்தைப் பார்த்தது அதனால். இனி அந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ.