பாயின் கேசட்டில் என் குரல்

அடுத்தவர் கேசட்டை நான் கேட்பதில்லை. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பழைய டூ இன் ஒன் செட்டுகளைத் தேடி வாங்கி, ஓட வைத்து, மனசுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை விற்கிறவன் நான். காயலான் கடையிலிருந்து வரும் செட்டுக்குள் சில நேரம் கேசட் மாட்டிக்கொண்டிருக்கும். அதில் யாரோ ஒரு வீட்டின் பேச்சு இருக்கும், சிரிப்பு இருக்கும், சண்டையும் இருக்கும். ஒரு முறை கேட்டுவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கேசட் சீராகச் சுற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன்.

பம்மலிலிருந்து ஒரு பாய், மாடம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். சவுதியில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே வாங்கிய செட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மூடி திறக்கவில்லை. உள்ளே ஒரு கேசட்.

"செட்டு போனா போவட்டும் தம்பி. உள்ள கீற கேசட்தான் முக்கியம்" என்றார். "என் பொண்ணு பொறக்கசொல்ல நான் அங்க இருந்தேன். மொத மொத அது என்னை 'அத்தா'ன்னு கூப்ட்டத எங்க வூட்ல ரெக்கார்டு பண்ணி அனுப்பிச்சாங்க. ஞாயித்துக்கிழம அதுக்கு நிக்காஹ். அதுக்கு முன்னாடி ஒரு தபா கேக்கணுமாம்."

"ரெடி பண்ணிடறேன் பாய்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. யாரிடமும் வராது.

மூடியைத் திறந்து கேசட்டை எடுத்தேன். அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லைப் பாய் கேசட் வந்த காலத்திலேயே உடைத்து வைத்திருந்தார். பல் இல்லாத கேசட்டைப் போட்டால் ரெக்கார்டு பட்டன் கீழே இறங்காது. செட்டுக்குள் ஒரு சின்ன நாக்கு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துத் தடுத்துவிடும். அந்த நாக்கு துருப்பிடித்திருந்தது. கழற்றி ஒரு மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை புது பெல்ட் மாட்டினேன். என்னுடைய டெஸ்ட் கேசட் நன்றாக ஓடியது. பிறகு பாயின் கேசட்டை முழுக்க ரிவைண்ட் செய்து, நாடா ஓடிய அளவைக் காட்டும் கவுண்டரைச் சைபரில் வைத்து, வழக்கம்போல வால்யூமைக் குறைத்து ஓடவிட்டேன். அந்த நேரம் கேஸ் சிலிண்டர் வந்தது. என் மனைவி கூப்பிட்டாள். போய்த் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். செட் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது என் கேசட் என்ற நினைப்பில் நிறுத்தினேன். மைக் வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தினேன். இறங்கியது. "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று நிதானமாகச் சொன்னேன்.

கொஞ்சம் ரிவைண்ட் செய்து வால்யூமை ஏற்றினேன். என் குரல் வந்தது. அஞ்சு முடிந்ததும் ஒரு பெண் சிரித்தாள்.

தடுத்திருக்க வேண்டிய நாக்கு இன்னும் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. நான் பேசிய இடம் கவுண்டரில் நூற்றெட்டிலிருந்து நூற்றுப் பதினொன்று வரை. அங்கே முன்பு என்ன இருந்தது? இன்னும் கொஞ்சம் பின்னால் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். அடுத்தவர் கேசட்டைக் கேட்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம்.

அன்று மாலையே நாக்கைத் துடைத்து மாட்டினேன். இனி மாட்டி என்ன.

"எவ்ளோ நேரம்யா அத மொறச்சிகினு உக்காந்திருப்ப? போன் போட்டு சொல்லு" என்றாள் மனைவி.

"இன்னான்னு சொல்றது? எது அழிஞ்சிச்சின்னே தெரியல."

"அப்ப கேளு."

"கேக்க மாட்டேன்."

"என்கிட்ட வாயத் தொறந்து பேசவே உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. நீ இவர்கிட்ட பேசறதுக்குள்ள அந்தப் பொண்ணு பேரன் எடுத்துரும்."

போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன். இரண்டு நாள் அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை மாலை பாயும் அவர் மனைவியும் வந்தார்கள். தாம்பரத்தில் கல்யாண ஜவுளி எடுத்துவிட்டுப் பைகளோடு நேராக வந்திருந்தார்கள்.

"பாய், ஒரு தப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"தப்பு எங்க மேலதான் தம்பி, பத்திரிகையே குடுக்கல பாரு" என்று அந்த அக்கா பைக்குள் கைவிட்டார். "குடும்பத்தோட வந்துரணும், ஆமா."

பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். வாசற்படியில் நின்ற என் மனைவி கண்ணாலேயே என்னை அதட்டினாள். பாய் செட்டின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "போடு தம்பி."

போட்டேன்.

அக்காவின் இளவயதுக் குரல் அறையில் பேசியது. வீட்டுக்கு ஓடு மாற்றியாகிவிட்டது, நீங்கள் அனுப்பிய சென்ட்டை உங்கள் தங்கச்சி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றது.

"இன்னி வரைக்கும் திருப்பித் தரல" என்றார் அக்கா. பாய் சிரித்தார். நான் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. நூறு தாண்டியது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். கை வரவில்லை.

"இங்க பாரும்மா. அத்தா சொல்லு. அத்... தா..."

குழந்தை எச்சிலைக் குமிழவிடும் சத்தம். பாய் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு முன்கூட்டியே அசைந்தது. நூற்று ஏழு.

"ஒன்னு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

அப்புறம் அந்தச் சிரிப்பு. "கேட்டீங்களா? கூப்ட்டா பாத்தீங்களா!"

நானே நிறுத்தினேன். "டெஸ்ட் பண்றப்ப, என் கேசட்னு நெனச்சி... என் தப்புதான் பாய்."

பாய் செட்டின் மூடியைத் திறந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்காதான் பேசினார், என்னைப் பார்க்காமல். "எனக்கு ஒண்ணும் போவல தம்பி. நான் மடியில வெச்சிகினு நேரா கேட்டவ. இவருக்குத்தான். இவரு கேட்டது இது ஒண்ணுலதான்."

பாய் கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அக்கா பைகளை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார். செட் மேஜையிலேயே இருந்தது.

"பின்னாடியே போய்யா" என்றாள் மனைவி.

செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பாயின் மடியில் செட்டை வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வூட்ல பொண்ணு காத்துகினு கீது" என்றார். "அதுகிட்ட என்னால சொல்ல முடியாது. நீ வந்து சொல்லு."

"நானா பாய்?"

"நீதான பேசன?"

அக்கா பைகளை மடிக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். "ஏறுண்ணா, ஏறு, பின்னாடி வண்டி நிக்குது" என்று டிரைவர் ஹாரன் அடித்தான். காலில் செருப்புகூட இல்லை. ஏறி உட்கார்ந்தேன்.