அக்காவின் அணுக்களுக்குப் பிரேக் பிடிக்குமா?

ரத்தப் புற்றுநோய் வார்டில் ஆலோசகர் வேலை என்பது, டாக்டர் ஐந்தே நிமிடத்தில் சொன்னதை ஒரு மணி நேரம் விளக்கி, கேட்டவரை முன்பைவிடக் குழப்பி அனுப்புவது. உங்களில் யாராவது இந்த வேலையில் மாட்டியிருந்தால் கையைக் கொடுங்கள்.

குடிவந்தவர்கள்

முருகனுக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் பிரேக் பூட்டும் லைனில் வேலை, வடக்குப்பட்டில் வாடகை அறை. 2015-ல் ரத்தப் புற்றுநோய் என்று எங்களிடம் வந்தான். அக்கா செல்வி, புது ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல் கொடுத்தாள்; அதை அவனுக்கு ஏற்றினோம். மூன்றாவது வாரம் அவன் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது, வயிறும் கெட்டது. அதில் வந்த அக்காவின் நோய் எதிர்ப்பு அணுக்கள் தம்பியின் உடம்பை அந்நியம் என்று நினைத்து அடித்தன.

எளிமையாகச் சொல்கிறேன் பேர்வழி என்று செல்வியிடம், “குடிவந்தவன் வீட்டுக்காரனை அடிக்கிற மாதிரி” என்றேன். பக்கத்தில் நின்றவர் முருகனின் வீட்டு ஓனர் ஏழுமலை என்று எனக்கு எப்படித் தெரியும்? மிச்சமிருக்கும் புற்றணுக்களை அடிப்பதும் அதே ஆட்கள்தான், அதனால் காலி செய்யவும் முடியாது என்று வேறு சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன். மனிதர் கொதித்துவிட்டார். “இன்னாம்மா அநியாயமா கீது! ஓனரை அடிப்பானாம், ஆனா காலி பண்ணச் சொல்லக் கூடாதாம்! எந்த ஊரு சட்டம் இது?”

செக்பாயின்ட்

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ‘செக்பாயின்ட்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். செல்வி அதைச் செக்போஸ்ட் என்று எடுத்துக்கொண்டு, எந்த ரோட்டில் என்று கேட்டாள். “இல்லம்மா, அது பிரேக். உன் அணுக்கள் மேல பெடல் இருக்கு. தம்பி உடம்பு அதை மிதிச்சா அடிக்கிறது நிக்கும். இப்ப மிதிக்கிறது பத்தலை” என்றேன். எனக்கே என் விளக்கம் பிடித்துப்போயிற்று. பிரேக் பூட்டுகிறவன் காதில் விழும்படி பேசியதுதான் தப்பு. முருகன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். “பெடல் அக்கா வண்டியில, கால் என் உடம்புலயா மேடம்? எங்க லைன்ல இப்படிப் பூட்டுனா, சூப்பர்வைசர் அன்னைக்கே என்னைய ஊருக்குப் பஸ் ஏத்திருவாரு.”

புது மருந்து

அந்த அணுக்களை அடக்கும் மருந்தில் தோல் ஆறத் தொடங்கியதும், அடங்கியவை புற்றணுவையும் அடிக்காமல் விட்டுப் புற்றுநோய் திரும்பிவிடுமோ என்ற பயம் செல்வியைப் பிடித்துக்கொண்டது. முருகனோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பேப்பர் துண்டோடு வந்தார். வெளிநாட்டில் புது மருந்தாம். அணுக்களின் பிரேக்கையே எடுத்துவிட்டுப் புற்றுநோய் மேல் ஏவுமாம். செல்வி அதைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள். டாக்டர் மறுத்துவிட்டார். இப்போது பிரேக்கை எடுத்தால் அவளுடைய அணுக்கள் தம்பியை ஒரு வழி பண்ணிவிடும். அதை அவளிடம் சொல்வது வழக்கம்போல என் தலையில் விழுந்தது.

சொன்னேன். உயிர் பிழைக்கக் கொடுத்ததே அவனைக் கொன்றுவிடுமோ என்று செல்வி உடைந்து அழுதாள்.

மறு வாரம் சோதனை முடிவு வந்தது. புற்றணு எதுவும் தென்படவில்லை. புது மருந்து இல்லாமலே அக்காவின் அணுக்கள் வேலையைக் காட்டியிருந்தன. செல்வி அதற்கும் அழுதாள். முருகன் தோல் உரிந்த கையைத் தடவிக்கொண்டே சொன்னான்: “அழாதக்கா. நீ அடிச்சு நான் என்னைக்குச் செத்திருக்கேன்?”

அக்கா அடிப்பது அடியோடு நிற்கவும் கூடாது, எல்லை மீறவும் கூடாது என்பதை மருத்துவம் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது. தம்பிகளுக்கு அது விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும்.